கம்பி அறுந்தால் தீ அணைய வேண்டும்: பாய்லருக்கு வெளிக் கட்டுப்பாடுகளும் சென்சார்களும் வயரிங் செய்யும் முழுமையான வழிகாட்டி

திருப்பூர், பெருந்துறைப் பக்கம் சாயப்பட்டறைக்குப் புது பாய்லர் வந்து இறங்கும்போது அதன் பேனலில் எல்லா வயரிங்கும் முடிந்தே இருக்கும். கம்பெனி ஆள் வந்து ஓட்டிக் காட்டிவிட்டுப் போவார். ஆறு மாதம் கழித்துத்தான் முதலாளி ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பிப்பார். பாய்லருக்குத் தண்ணீர் தரும் ஃபீட் டேங்கில் தண்ணீர் தீர்ந்தால் பம்பு தானாக நிற்க வேண்டும். சாய செக்‌ஷனிலிருந்தே பாய்லரை ஆஃப் செய்ய வேண்டும். சிம்னி வெப்பம் தெரிய வேண்டும். நீராவியைப் பிரித்துக் கொடுக்கும் ஹெடர் குழாயின் பிரஷர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வர வேண்டும். இந்த நாலு கோரிக்கைகளை வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

மணிக்கு 2 டன் நீராவி தரும், சதுர சென்டிமீட்டருக்கு 10.5 கிலோ அழுத்தத்துக்கு வடிவமைத்த, டீசல் பர்னர் பொருத்திய புகைக்குழாய் பாய்லரை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். விறகு பாய்லரானாலும் கேஸ் பாய்லரானாலும் அடிப்படை ஒன்றுதான், தீயை நிறுத்தும் வழி மட்டும் மாறும். விறகில் எஃப்.டி., ஐ.டி. ஃபேன்களை (காற்றை உள்ளே தள்ளுவது, புகையை வெளியே இழுப்பது) நிறுத்தினாலும் உள்ளே கிடக்கும் கங்கு கொஞ்ச நேரம் சூடு கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் அங்கே தண்ணீர் மட்டத்துக்கு வைக்கும் அலாரம் இன்னும் முன்னதாகவே அடிக்க வேண்டும்.

கை வைப்பதற்கு முன்

பாய்லர் என்பது சட்டத்துக்கு உட்பட்ட கருவி. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025இல் புதிய பாய்லர் சட்டம் வந்திருக்கிறது. 1950ஆம் ஆண்டின் இந்தியப் பாய்லர் விதிமுறைகளைத்தான் எல்லாரும் ஐபிஆர் என்கிறார்கள். நமக்கு இதில் தேவையான செய்தி ஒன்றுதான்: சென்சார் வைப்பதற்காகப் பாய்லர் உடலில் துளை போடுவது, ஷெல்லிலோ நீராவிக் குழாயிலோ புது முனை வெல்டு செய்வது ஆகியவை எலக்ட்ரீசியன் முடிவு செய்கிற விஷயம் அல்ல. அதற்குப் பாய்லர் ஆய்வாளரின் அனுமதி வேண்டும். ஏற்கெனவே இருக்கும் முனைகளில், ஐசொலேஷன் வால்வுக்கு அப்பால், பேனலுக்குள் நடப்பவைதான் இங்கே பேச்சு. அதையும் உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனும் பாய்லர் தெரிந்த ஒருவரும் சேர்ந்துதான் செய்ய வேண்டும்.

பேனல் வரைபடத்தை எடுங்கள். பெரும்பாலும் கதவின் உட்புறம் பிளாஸ்டிக் உறையில் எண்ணெய்க் கறையோடு இருக்கும். இல்லையென்றால் டெர்மினல் ஒவ்வொன்றாக மல்டிமீட்டரில் பார்த்து நீங்களே வரையுங்கள். ஒரு நாள் போனாலும் பரவாயில்லை. வரைபடம் இல்லாமல் பாய்லர் பேனலில் புது வயர் கட்டுகிறவரை நான் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டேன்.

பாதுகாப்புச் சங்கிலியைப் புரிந்துகொள்வது

ஃபியூஸ் அல்லது எம்சிபியில் கிளம்பும் கன்ட்ரோல் சப்ளை முதலில் எமர்ஜென்சி பட்டனுக்குப் போகும். அங்கிருந்து மிகத் தாழ்ந்த தண்ணீர் மட்டத்தின் சுவிட்ச், அதிக அழுத்த சுவிட்ச், எண்ணெய் அழுத்தம், வெப்பம் போன்றவற்றின் சுவிட்ச்கள் வழியாக ஒவ்வொன்றாகக் கடந்து கடைசியில் பர்னரைப் படிப்படியாகப் பற்றவைத்து நிறுத்தும் சீக்வென்ஸ் கன்ட்ரோலரை அடையும். எல்லாம் வரிசையாக, ஒற்றைத் தொடராக இருக்கும். எல்லாம் சரியாக இருக்கும்போது சுவிட்ச்கள் மூடியிருக்கும், கரன்ட் ஓடும். எது திறந்தாலும் பர்னர் நிற்கும். வயர் அறுந்தாலும், ஸ்க்ரூ தளர்ந்தாலும், ஃபியூஸ் போனாலும் அதே கதிதான், தீ அணைந்துவிடும்.

புதிதாக எதைச் சேர்த்தாலும் இந்தக் குணம் கெடக் கூடாது. வயர் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு இணைப்புக்கும் கேட்க வேண்டிய கேள்வி இது: நாளைக்கு எலி இந்தக் கம்பியைக் கடித்தால் பாய்லர் என்ன செய்யும்? நிற்கும் என்றால் சரி. ஓடிக்கொண்டே இருக்கும் என்றால் வயரிங்கை மாற்றுங்கள்.

இதில் பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. சுவிட்ச்கள் எல்லாம் ஃபேஸ் பக்கம் இருக்க வேண்டும், ரிலே அல்லது கான்டாக்டர் (காயிலில் கரன்ட் வந்தால் இழுத்து இயங்கும் சுவிட்ச்கள்) காயிலின் மறுமுனை நேராக நியூட்ரலுக்குப் போக வேண்டும். ஏன் என்று பாருங்கள். சுவிட்ச் வயர் ஒன்று சூட்டில் உரிந்து இரும்புப் பைப்பைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சுவிட்ச் ஃபேஸ் பக்கம் இருந்தால் ஷார்ட் ஆகி ஃபியூஸ் போகும், பர்னர் நிற்கும். அதே சுவிட்ச் நியூட்ரல் பக்கம் இருந்தால் காயில் தன் சுற்றை எர்த் வழியாக முடித்துக்கொள்ளும். அப்புறம் தண்ணீரே இல்லாமல் சுவிட்ச் திறந்தாலும் பர்னர் எரியும். அந்தச் சுவிட்ச் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 110 வோல்ட்டில் ஓடும் பேனலானால் அதன் செகண்டரியின் ஒரு முனை எர்த் செய்யப்பட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அந்த முனைதான் உங்கள் நியூட்ரல். இரண்டு முனையும் எர்த் ஆகாமல் மிதந்தால் முதல் எர்த் ஃபால்ட் யாருக்கும் தெரியாது. இரண்டாவது ஃபால்ட் வரும்போது நடுவில் உள்ள சுவிட்சைத் தாண்டிப் போய்விடும்.

கேபிளும் பாதையும்

ஆன்-ஆஃப் சிக்னல்களுக்கு 1.5 சதுர மி.மீ. செப்புக் கம்பி போதும். பாய்லர் முகப்பு, பர்னர், சிம்னி ஆகியவற்றுக்குப் பக்கத்தில் சாதாரண பிவிசி கேபிள் வேண்டாம். கடைசி இரண்டு மீட்டருக்கு டெஃப்லான் அல்லது ஃபைபர்கிளாஸ் உறை போட்ட கம்பியைக் கொண்டுபோய் ஒரு ஜங்ஷன் பாக்ஸில் முடித்து, அங்கிருந்து சாதாரண கேபிளில் பேனலுக்கு வாருங்கள். ஜங்ஷன் பாக்ஸைப் பாய்லர் உடலில் திருகாதீர்கள், சுவரிலோ தனிச் சட்டத்திலோ வையுங்கள்.

மோட்டார் பவர் கேபிளும் சென்சார் கேபிளும் ஒரே டிரேயில் படுக்கக் கூடாது. வேகத்தை மாற்றும் டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிள்தான் இருப்பதிலேயே மோசம். சென்சார் கேபிள் அதிலிருந்து ஒரு அடியாவது தள்ளிப் போகட்டும். குறுக்கே கடந்துதான் ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். சென்சார் கேபிளின் ஷீல்டை பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்து, மறுமுனையை வெட்டி டேப் சுற்றிவிடுங்கள். இரண்டு பக்கமும் எர்த் செய்தால் ஷீல்டிலேயே கரன்ட் ஓடி ரீடிங் ஆடும்.

ஒவ்வொரு முனையிலும் லக் (முனையில் அழுத்தும் உலோகத் தொப்பி), ஒவ்வொரு கம்பியிலும் இரு பக்கமும் ஃபெரூல் நம்பர் (கம்பியில் மாட்டும் எண் வளையம்) இருக்கட்டும். கேபிள் நுழையும் இடத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட் எப்போதும் பெட்டியின் அடிப்பக்கமோ பக்கவாட்டிலோதான் வர வேண்டும், மேலே துளை போடாதீர்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குக் கதை ஒன்று இருக்கிறது, பின்னால் வருகிறது.

முதல் இணைப்பு: ஃபீட் டேங்க் ஃப்ளோட்

வீட்டு மாடித் தொட்டிக்குப் போடும் பந்து ஃப்ளோட்டை இங்கே போடாதீர்கள். கண்டன்சேட் (நீராவி குளிர்ந்து ஆன நீர்) திரும்பி வரும் டேங்கில் தண்ணீர் 80, 90 டிகிரியில் இருக்கும். அந்தக் கேபிள் சில வாரங்களிலேயே விறைத்து வெடித்துவிடும். எஸ்எஸ் குழாயில் காந்த மிதவை ஏறி இறங்கும் வகையை வாங்குங்கள்.

அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உள்ளே இருப்பது ரீட் சுவிட்ச், மிகச் சிறிய கான்டாக்ட். அதைப் பம்பு கான்டாக்டரின் காயிலோடு நேரடியாகக் கோத்தால், காயில் இழுக்கும் முதல் கரன்ட்டில் கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். பிறகு டேங்க் காலியானாலும் சுவிட்ச் மூடியே கிடக்கும், பம்பு வறண்டு ஓடி சீல் எரியும். ஆகவே 24 வோல்ட் டிசி சப்ளையின் ப்ளஸ்ஸிலிருந்து ஃப்ளோட், ஃப்ளோட்டிலிருந்து சின்ன ரிலேயின் காயில், அங்கிருந்து மைனஸ் என்று கட்டுங்கள். காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு போட்டால் ரீட் சுவிட்சின் ஆயுள் கூடும். அந்த ரிலேயின் என்ஓ கான்டாக்டை (ரிலே இழுத்தால் மூடுவது) பம்பு கான்டாக்டர் காயிலின் ஃபேஸ் பக்கத்தில் தொடராகச் சேருங்கள். தண்ணீர் இருந்தால் ஃப்ளோட் மூடியிருக்கும், ரிலே இழுத்திருக்கும். தண்ணீர் தீர்ந்தாலும் கம்பி அறுந்தாலும் ரிலே விடும், பம்பு நிற்கும்.

பர்னரையும் இதே ரிலேயால் நிறுத்தலாமா என்று கேட்பார்கள். தேவையில்லை. பம்பு நின்றால் பாய்லரில் தண்ணீர் இறங்கும், பாய்லரின் சொந்த மட்டச் சுவிட்ச் பர்னரை நிறுத்தும். நீங்கள் ரிலேயின் என்சி கான்டாக்டில் (ரிலே விட்டால் மூடுவது) ஒரு ஹூட்டரை, அதாவது அலாரம் ஒலிப்பானை மட்டும் சேருங்கள். பாய்லர் அட்டெண்டன்ட் முன்னாலேயே ஓடிவந்து பார்ப்பார்.

இரண்டாவது: தொலைவிலிருந்து நிறுத்தும் பட்டன்

சாய செக்‌ஷன் 80, 100 மீட்டர் தள்ளி இருக்கும். காளான் வடிவச் சிவப்புப் பட்டன், என்சி கான்டாக்ட் (அமுக்கினால் திறப்பது), இரண்டே கம்பி. பார்க்க எளிது. ஆனால் 230 வோல்ட் ஏசியை அத்தனை தூரம் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து சின்ன ரிலேயை இயக்கினால் விசித்திரம் ஒன்று நடக்கலாம். பட்டனை அமுக்கினாலும் ரிலே விடாது. நீளக் கேபிளில் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரு கம்பிகளுக்கு இடையே கசியும் கரன்ட்டே அந்த ரிலேயைப் பிடித்து வைத்திருக்கப் போதுமானதாகிவிடும். டிசியில் இந்தத் தொல்லை இல்லை. எனவே இங்கும் 24 வோல்ட் டிசி ரிலேதான். அதன் என்ஓ கான்டாக்ட் மட்டும் பாதுகாப்புச் சங்கிலியில், எமர்ஜென்சி பட்டனுக்கு அடுத்து, தொடராக நுழையும்.

ரிமோட்டில் நிறுத்தலாம், ரீசெட் செய்யக் கூடாது. பர்னர் லாக்கவுட் ஆனால் (கோளாறால் தன்னைப் பூட்டிக்கொண்டு நின்றால்) ஏன் ஆனது என்று ஒரு மனிதன் பாய்லர் முன்னால் நின்று, தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸைப் பார்த்து, பிறகே பட்டனை அமுக்க வேண்டும். தீப்பிடிக்காமல் லாக்கவுட் ஆன பர்னரைத் தூரத்திலிருந்து திரும்பத் திரும்ப ரீசெட் செய்தால் எரியாத எண்ணெய் உலைக்குள் சேரும். அது பற்றிக்கொள்ளும் நாளில் சிம்னி டேம்பர் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது.

பிஎல்சி என்னும் கட்டுப்பாட்டுக் கணினியிலிருந்தோ நேரக் கருவியிலிருந்தோ வரும் உத்தரவும் இதே போலத்தான். பாய்லர் பேனலுக்கு வெளியிலிருந்து வோல்டேஜ் வரக் கூடாது, வோல்டேஜ் இல்லாத வெற்றுக் கான்டாக்ட் மட்டுமே வர வேண்டும். நடுவில் ஒரு ரிலே வைத்துவிட்டால் இரண்டு சப்ளைகள் கலக்காது. மெயின் ஆஃப் செய்துவிட்டுப் பேனலில் கை வைக்கிறவருக்கு வேறெங்கிருந்தோ வந்த கரன்ட் அடிக்கவும் அடிக்காது.

மூன்றாவது: சிம்னியில் பிடி 100

புகை வெப்பம் பணம் சம்பந்தப்பட்ட ரீடிங். குழாய்களில் கரி படிந்தாலும் தண்ணீர்ப் பக்கம் உப்புப் படிந்தாலும் சூடு நீருக்குப் போகாமல் சிம்னிக்குப் போகும். புகை வெப்பம் 22 டிகிரி கூடினால் திறன் ஏறத்தாழ 1 சதவீதம் குறைகிறது என்பது தொழிலில் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு.

வெப்பத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் பிடி 100 சென்சாரில் 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம், 200 டிகிரியில் ஏறக்குறைய 175.9 ஓம் இருக்கும். மூன்று கம்பி வரும், இரண்டு ஒரே நிறம், ஒன்று வேறு நிறம். நிறத்தை நம்பாமல் மீட்டரை வையுங்கள். ஒரே நிறக் கம்பிகளுக்கிடையே ஓம் கிட்டத்தட்ட பூஜ்யம், வேறு நிறத்தோடு பார்த்தால் 30 டிகிரி அறை வெப்பத்தில் 111, 112 ஓம் காட்ட வேண்டும். மூன்று கம்பியையும் ஒரே தடிமன், ஒரே நீளத்தில் கன்ட்ரோலர் வரை கொண்டுபோங்கள். கம்பி மிச்சம் பிடிக்க இரண்டாகக் குறைத்தால் கேபிளின் ஒவ்வொரு ஓமும் ரீடிங்கை இரண்டரை டிகிரிக்கு மேல் கூட்டிக் காட்டும்.

கன்ட்ரோலர் செட்டிங்கில் சென்சார் அறுந்தால் ரீடிங் மேலே போகட்டும் என்று தேர்ந்தெடுங்கள். கீழே போகும்படி விட்டால் கம்பி அறுந்த பிறகு சிம்னி குளிர்ந்துவிட்டதாக அது நம்பிக்கொண்டிருக்கும். பர்னர் கட்-ஆஃபுக்கு அதன் அலாரம் ரிலேயைச் சங்கிலியில் சேர்ப்பதானால், சரியான நிலையில் ரிலே இழுத்திருந்து, அலாரத்திலும் கரன்ட் போனாலும் விடும்படி செட் செய்யுங்கள். பல கன்ட்ரோலர்கள் கடையிலிருந்து வரும்போது இதற்கு நேர்மாறாக இருக்கும்.

நான்காவது: ஹெடர் பிரஷர் டிரான்ஸ்மிட்டர்

10.5 கிலோ நீராவி ஏறத்தாழ 186 டிகிரி சூடு. நேராகப் போய் டிரான்ஸ்மிட்டரில் மோதினால் உள்ளே இருக்கும் சவ்வு கெட்டுவிடும். அதனால்தான் நடுவில் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைந்த சைஃபன் குழாய். அதைப் பொருத்தியதும் வால்வைத் திறக்காதீர்கள், முதலில் சைஃபனில் தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். இந்த ஒரு டம்ளர் தண்ணீரை மறந்து டிரான்ஸ்மிட்டரைப் பலி கொடுத்தவர்கள் நிறைய, நானும் ஒருமுறை அந்தப் பட்டியலில் சேர்ந்தேன். டிரான்ஸ்மிட்டரை ஹெடருக்குக் கீழே பொருத்தினால் குழாயில் நிற்கும் தண்ணீரின் எடையும் சேர்ந்து காட்டும், ஒரு மீட்டருக்கு 0.1 கிலோ. அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கம்பி வகையில் 24 வோல்ட் ப்ளஸ் டிரான்ஸ்மிட்டரின் ப்ளஸ்ஸுக்குப் போகும். அதன் மைனஸிலிருந்து பிஎல்சி அனலாக் இன்புட்டின் ப்ளஸ், இன்புட்டின் மைனஸிலிருந்து சப்ளையின் மைனஸ். அந்த வளையத்தில் ஓடும் கரன்ட்தான் செய்தி, பூஜ்ய அழுத்தத்துக்கு 4 மில்லிஆம்ப், முழு அளவுக்கு 20. ரேஞ்ச் வாங்கும்போது 0 முதல் 16 கிலோ என்று கேளுங்கள். அப்போது கணக்கு வாய்ப்பாடு தேவையில்லாமல் வரும், கிலோவோடு 4ஐக் கூட்டினால் மில்லிஆம்ப். 8 கிலோவுக்கு 12, 10.5 கிலோவுக்கு 14.5. கம்பி அறுந்தால் கரன்ட் பூஜ்யம். பூஜ்ய அழுத்தத்துக்கும் 4 வருவதால், 3.6க்குக் கீழே போனால் அது பிரஷர் இல்லை, கம்பி கோளாறு என்று பிஎல்சிக்குச் சொல்லிவையுங்கள்.

இந்த டிரான்ஸ்மிட்டர் காட்டுவதற்கும் தீயைக் கூட்டிக் குறைப்பதற்கும் மட்டுமே. பாய்லர் ஷெல்லில் இருக்கும் அதிக அழுத்த சுவிட்சை, இனி பிஎல்சி பார்த்துக்கொள்ளும் என்று கழற்றாதீர்கள். சேஃப்டி வால்வு 10.5இல் திறக்கும் என்றால், கையால் ரீசெட் செய்யும் லிமிட் சுவிட்ச் 10இல், அன்றாடம் ஓட்டும் சுவிட்ச் 9.5இல் நின்று 8இல் மறுபடி பற்றவைக்கும் என்பது போல் படிப்படியாக இருக்கட்டும்.

ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு மோட்பஸ் (கருவிகள் தகவல் பரிமாறும் முறை) என்றால் ஆர்எஸ்-485 ஜோடிக் கம்பி, ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போக வேண்டும். நட்சத்திரம் போலக் கிளை பிரிக்காதீர்கள். இரண்டு கோடிகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர். அவ்வளவுதான்.

சோதனை, பிறகு அந்தக் கதை

மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) போடுவதானால் கன்ட்ரோலர், டிரான்ஸ்மிட்டர், டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வெறும் கேபிளுக்கு மட்டும் போடுங்கள். அதன் 500 வோல்ட் எலக்ட்ரானிக்ஸைத் தின்றுவிடும்.

அடுத்து எண்ணெய் வால்வை மூடிவைத்து, கன்ட்ரோல் சப்ளையை மட்டும் கொடுங்கள். சங்கிலியில் உள்ள ஒவ்வொரு சுவிட்சின் ஒரு கம்பியையும் சப்ளையை ஆஃப் செய்து கழற்றி, மறுபடி ஆன் செய்து, பர்னர் கன்ட்ரோலருக்குக் கரன்ட் வராமல் போகிறதா என்று பாருங்கள். எலி கடித்ததற்கு இதுதான் ஒத்திகை. சிம்னி கன்ட்ரோலருக்கு பிடி 100ஐக் கழற்றி 138 ஓம் ரெசிஸ்டர் மாட்டினால் 100 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகக் காட்ட வேண்டும்.

கடைசியில் பாய்லர் ஓடும்போது தண்ணீர் மட்டச் சோதனை. தகுதி பெற்ற அட்டெண்டன்ட் கேஜ் கிளாஸிலிருந்து கண் எடுக்காமல் நிற்க, பம்பை நிறுத்தி, புளோடவுனில் (அடி வால்வைத் திறந்து நீரை வெளியேற்றி) மெதுவாக மட்டத்தை இறக்க வேண்டும். கிளாஸில் தண்ணீர் தெரிந்துகொண்டிருக்கும்போதே பர்னர் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை என்றால் உடனே கையால் ஆஃப் செய்யுங்கள், கோளாறு தீராமல் அந்தப் பாய்லர் ஓடக் கூடாது.

ஒரு பட்டறையில் இந்தச் சோதனையில் பர்னர் நிற்கவேயில்லை. கையால் நிறுத்திவிட்டுப் பேனலைத் திறந்தேன். மட்டச் சுவிட்சின் இரண்டு டெர்மினலுக்கும் நடுவே ஒரு விரல் நீளப் பச்சை வயர்த் துண்டு. கேட்டதற்கு, “மழைக்குச் சும்மா சும்மா ட்ரிப் ஆச்சுங்கண்ணா, அதான் லூப் போட்டு விட்டோம்” என்றார் தம்பி. பாய்லர் கொட்டகையின் கூரை ஒழுகி, சுவிட்ச் பெட்டியின் மேல்துளை கிளாண்ட் வழியாகத் தண்ணீர் இறங்கி, டெர்மினல்கள் பச்சை பூத்துக் கிடந்தன. கான்டாக்ட் சரியாகப் பிடிக்காமல்தான் ட்ரிப் ஆகியிருக்கிறது. பழுதைச் சொன்ன சுவிட்சின் வாயைக் கட்டிவிட்டு எத்தனை மாதம் ஓட்டினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. மேல்துளையை அடைத்து, அடியில் கிளாண்ட் வைத்து, கேபிளைப் பெட்டிக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு, புது டெர்மினல் மாற்றினோம். செலவு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

எனவே சோதனைக்காக நீங்களே போட்ட லூப் வயர்கள் ஏதாவது இருந்தால் எண்ணி எடுங்கள். நான் அதற்கென்று சிவப்பில் அரை மீட்டர் நீளக் கம்பிகள் மூன்று வைத்திருக்கிறேன். நீளமாக இருந்தால் கதவை மூடும்போது வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், மறக்க முடியாது.

புது இணைப்புகளை வரைபடத்தில் அதே ஃபெரூல் நம்பரோடு வரைந்து, தேதி போட்டு, கதவின் உட்புறம் ஒட்டுங்கள். ஒரு மாதம் கழித்து மெயினை ஆஃப் செய்து, பூட்டி, எல்லா டெர்மினல் ஸ்க்ரூவையும் ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள். பாய்லர் அறையின் சூட்டிலும் பம்பின் அதிர்விலும் நாலைந்தாவது தளர்ந்திருக்கும்.